வலது காலால் நின்றவர்

“நான் நின்னேன் மேடம்” என்று அவர் சொன்னபோது காரை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் அல்ல.

இறக்கிய கண்ணாடிக்கு வெளியே, மழைக்கோட்டின் முழங்கையிலிருந்து நீர் சொட்டக் குனிந்து நின்ற பெண் காவலர், முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்மணியைப் பார்த்தார். பிறகு, பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்த மனிதரைப் பார்த்தார்.

“வண்டி ஓட்டினது யாரு சார்?”

“என் வீட்டுக்காரம்மா.”

“அப்ப நின்னாங்களா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்.”

“அவங்க என்ன சொல்றது? நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கோட்டுக்கு முன்னாடி நின்னோம். முழுசா நின்னோம். சக்கரம் ஆடல.”

“உருண்டுச்சு சார். நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“எங்கேயிருந்து பார்த்தீங்க?”

காவலர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உலகத்தில் எந்த வாதத்துக்கும் இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாற்சந்திகளிலும் திருப்பங்களிலும் பாலத்தின் இறக்கத்திலும், குறிப்பாகக் காவலர் நிழலுக்கு ஒதுங்கியிருக்கும் மரங்களுக்குப் பக்கத்திலும் இது ஏராளமாகக் காணக் கிடைக்கும். ‘நான் நின்னேன் சார்’ என்று கத்துவதைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம். இதில் உட்பிரிவுகள் உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டியவர் ‘மஞ்சள்லதான் போனேன்’ என்பார். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தவர் ‘இப்பத்தான் கழட்டினேன்’ என்பார். கைபேசியோடு பிடிபட்டவர் காதைச் சொறிந்ததாகச் சொல்வார். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர் மட்டும் எதுவும் சொல்லாமல், வந்த வழியையே ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்ப்பார், யாரோ பாதையைத் திருப்பி வைத்துவிட்டதைப் போல.

இவர்களெல்லாம் சில்லறைப் பேர்வழிகள். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, காவலரின் பரம்பரையைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு உட்காரும்போது மறந்துவிடுவார்கள். தாங்கள் சொன்னது பொய் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்து பொய் சொல்பவனால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை.

தொல்லை, நம்புகிறவனால். தான் நின்றதாக மனப்பூர்வமாக, எலும்பு வரைக்கும் நம்புகிறவனால். அவன்தான் வழக்காடுவான்.

மாஸ்டர் நம்பினார்.

அன்றைக்குக் காருக்குள் நடந்தது இவ்வளவுதான். மாஸ்டரின் மனைவி ரத்த வங்கியின் வண்டிக்கு ஓட்டுநராகத் தேர்வாகிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக டிரைவிங் ஸ்கூலில் தொலைபேசியை எடுத்தவர் அவர். பாட வண்டிகளைக் கழுவியவரும் அவர்தான். மாஸ்டருக்குத் தொண்டை கட்டிய நாட்களில் பாடமும் நடத்தியவர். அந்த நாட்களில் படித்தவர்கள்தான் முதல் தடவையிலேயே தேர்வில் தேறினார்கள் என்பதை இருவருமே வெளியில் பேசுவதில்லை. இப்போது முதல் முறையாக அவருக்கென்று ஒரு வேலை, அவருக்கென்று ஒரு வண்டி, வண்டிக்குள்ளே குளிர்ப்பெட்டி. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, ஓட்டுநர் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு குற்றம் ஏறியிருந்தாலும் வண்டி வேறொருவருக்குப் போய்விடும்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் மெல்ல ஏதோ முனகிப் பாடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் மாஸ்டர், ரத்தப் பைகளை ஏற்றிக்கொண்டு திருப்பத்தில் எப்படித் திரும்ப வேண்டும் என்று, வாழ்நாளில் ஒரு ரத்தப் பையைக்கூடத் தொட்டிராத அனுபவத்தோடு விளக்கிக்கொண்டு வந்தார். மழை. நாற்சந்தி. ‘நில்’ பலகை. சாலையில் வெள்ளைக் கோடு. வேகம் குறைந்தது. நடந்து போகிறவனின் வேகத்துக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. கார் கோட்டைத் தாண்டி உருண்டது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்த காவலர் மனைவியிடம் தணிந்த குரலில்தான் பேசினார்.

“முதல் தடவைதானே மேடம்? இதுக்கு ஒருநாள் வகுப்பு இருக்கு. தப்பை ஒத்துக்கிட்டு அதுல உட்கார்ந்துட்டுப் போயிட்டா பதிவுல ஏறாது. ஒத்துக்கலைன்னா கோர்ட்டுக்கு வரணும். அங்க தோத்தா ஏறிடும்.”

“வகுப்புக்கே போயிடறேங்க.”

விஷயம் இங்கே முடிந்திருக்க வேண்டும். உங்கள் வீடாக இருந்தாலும் முடிந்திருக்காது என்பது வேறு.

வீட்டுக்கு வந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே மாஸ்டர் சீட்டின் பின்பக்கத்தைப் படித்தார். வகுப்பு நடக்கும் இடம் அதில் அச்சாகியிருந்தது. அது ரிவர்ஸின் கூடம்.

ரிவர்ஸ் என்பவர் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் படித்தவர். முன்னால் ஓட்டச் சொன்னால், எதிரே சைக்கிள் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் மீனைப் போல வழுக்கிக்கொண்டு போவார். மாஸ்டர் வைத்த பெயர் அது. பெயர் ஊரெல்லாம் பரவிற்று. சொந்தப் பெயரை வீட்டார்கூட மறந்தார்கள். அந்த ரிவர்ஸ் பிற்பாடு எதிர்ச்சாரியில் சொந்தமாக ஒரு ஸ்கூல் திறந்து, மாஸ்டருடையதைவிடப் பெரிய பலகை மாட்டி, குளிர்சாதனம் போட்டு, அரசாங்கத்தின் பாதுகாப்பு வகுப்பையும் வாங்கிவிட்டார். மாஸ்டரைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்பார். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை, மனைவி எழுவதற்குள் புறப்பட்டுப் போனார். கவுன்டரில் இருந்த எழுத்தரிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னார். “நாங்க ஒத்துக்கலை.” திரும்பி வந்து, வாங்கிவந்த ரொட்டியை மேசையில் வைத்தபடி அதை வீட்டிலும் அறிவித்தார்.

“யாரைக் கேட்டு?” என்றார் மனைவி.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? நாம நின்னோம்.”

“நான் நிக்கலைங்க.”

“நீ நின்னே. உனக்குத் தெரியல.”

“என் காலுக்குத் தெரியாதா?”

“நான் எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்? வண்டி நின்னா எனக்குத் தெரியும். நின்னுச்சு.”

“இப்பப் போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. எனக்குத் திங்கட்கிழமை வேலைங்க.”

“சொல்லியாச்சு. இனிமே நீதிபதிதான் மாத்த முடியுமாம். அதுக்குள்ள தேதி குடுத்துட்டாங்க, வெள்ளிக்கிழமை. நீ ஏன் பயப்படறே? ஜெயிக்கப் போறோம்.”

அந்த ‘றோம்’ எப்படி வந்தது என்று கவனியுங்கள். இந்த இனத்தின் இலக்கணமே அதுதான். ஓட்டும்போது ‘நீ’. வழக்காடும்போது ‘நாம்’. ஜெயித்துவிட்டால் ‘நான்’.

இனிச் சடங்குகள்.

முதற்சடங்கு, குற்றம் நடந்த இடத்துக்குப் போவது. கொலைகாரர்கள் திரும்பப் போவார்கள் என்று சொல்வதுண்டு. இவர்கள் டேப்போடு போவார்கள். மாஸ்டர் கோட்டின் அகலத்தை அளந்தார், பலகையின் உயரத்தை அளந்தார், காவலர் நின்றிருந்த மரத்திலிருந்து கோடு வரைக்கும் அளந்தார், நடுவே வந்த லாரிக்காரனிடம் திட்டு வாங்கினார், மரத்தின் ஒரு கிளை சற்றே தாழ்ந்திருப்பதைக் கண்டு அதைப் பல கோணங்களில் படம் எடுத்தார். படமெடுக்கப் பின்னால் நகர்ந்தபோது கோட்டைத் தாண்டி நடுச்சாலைக்கே போய்விட்டார். அன்று காவலர் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

இரண்டாவது சடங்கு, கதை சொல்வது. மேசையில் இருக்கும் எதுவும் வாகனமாகும். உப்பு ஜாடி இவர்களுடைய கார், தம்ளர் எதிரே வந்த வண்டி, கரண்டி நிறுத்தக் கோடு. முதல் நாள் சொன்னபோது உப்பு ஜாடி கரண்டிக்கு முன்னால் நின்றது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது, மூச்சை இழுத்து விடுகிற நேரம் நின்றது. அதற்கடுத்த நாள் கைப்பிரேக் போட்டது. பிறகு ஒரு கிழவர் சாலையைக் கடந்தார். கிழவருக்குக் கைத்தடி வந்தது. கைத்தடிக்காரர் பாதியில் நின்று, காருக்குள் இருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குள் கிழவர் திரும்பி வந்து, வெற்றிலை போடுகிறவரைக்கும் கார் அங்கேயே நிற்கும் போலிருந்தது. இதில் மாஸ்டர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு ஒன்று கூடுதலாக ஞாபகம் வந்தது.

மூன்றாவது சடங்கு, சாட்சி தேடுவது. மனைவியின் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்கே போனார்.

“நீ பின் சீட்டுல இருந்தேன்னு சொல்லு.”

“நான் இல்லையே அத்தான். அன்னிக்குக் கடையிலதானே இருந்தேன்?”

“இருந்திருந்தா என்ன பார்த்திருப்பே? அதைச் சொல்லு போதும்.”

“இருந்திருந்தா தூங்கியிருப்பேன் அத்தான். நீங்க பேச ஆரம்பிச்சா எனக்குக் கண்ணு சொக்கிடும்.”

“உங்கக்காவுக்காகக்கூட வரமாட்டியா?”

“அக்கா காலையிலயே போன் பண்ணிட்டா. வந்தேன்னா காலை உடைச்சுடுவேன்னா.”

மாஸ்டர் கோபத்தோடு வெளியே வந்தார். இந்த இனம் சுற்றத்தாரைப் பற்றிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வரும், அதாவது சுற்றத்தார் அனைவரும் கோழைகள்.

“இது கொள்கைப் பிரச்னை” என்றார் வீட்டில்.

“கொள்கை உங்களுது. வேலை என்னுது” என்றார் மனைவி. ரத்த வங்கி கொடுத்த நீலச் சீருடையை அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்து, அலமாரியில் தொங்கவிடாமல், மடித்துப் பையிலேயே திரும்ப வைத்தார். மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மரக்கிளையின் படங்களைப் பெரிதாக்கிப் பிரதி எடுக்கப் போய்விட்டார்.

இப்போது ஒரு காலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். படிப்பவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதிப்பார், வண்டி நிற்கும். இவர் வாழ்க்கையில் பாதியை அந்தப் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு கழித்தவர். மாணவர்களின் முகத்தைப் பார்த்ததே கிடையாது, கால்களைத்தான் பார்ப்பார். எத்தனையோ பேரின் உயிரை, சுவர்களை, பால்காரர்களை அந்த வலது கால் காப்பாற்றியிருக்கிறது. எஜமானனைக் கேட்காமலே வேலை செய்யப் பழகிய கால்.

வீட்டுக் காரில் அப்படி ஒரு பிரேக் இல்லை. காலுக்கு இதை யாரும் சொல்லவில்லை. மனைவி ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு மேட்டிலும், தூரத்தில் ஒரு நாய் யோசித்துக்கொண்டு நின்றால்கூட, அது தரையை மிதிக்கும். பக்கத்து இருக்கையின் அடியில் விரித்த ரப்பர் மிதியடி அந்த இடத்தில் தேய்ந்து, ஓட்டை விழுந்து, கீழே தகரம் தெரிந்தது. முதல் மிதியடி அல்ல. வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். மைத்துனர் அந்த ஓட்டையை ‘அத்தானோட கிணறு’ என்பார். மாஸ்டர் மட்டும் அது மலிவான ரப்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

நீதிமன்றம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் அறை, பலகைத் தரை, ஒரு பக்கமாகவே காற்று வீசும் மின்விசிறி, நீளமான பெஞ்சுகள். பெஞ்சுகள் நிறைய ‘நான் நின்னேன் சார்’கள், ஒவ்வொருவர் கையிலும் ஓர் உறை. ஒருவரையொருவர் அனுதாபத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள், அதே சமயம் பக்கத்தில் இருப்பவன் நிச்சயம் குற்றவாளிதான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் மட்டும் உறையோடு நிற்கவில்லை. வகுப்பறையிலிருந்து சாலைவிதி சொல்லித்தரும் இரும்புப் பலகையையே கழற்றி எடுத்து வந்திருந்தார். அதில் நாற்சந்தி வரைந்திருக்கும். காந்தம் வைத்த சின்னச் சின்னக் கார்களை அதன் மேல் நகர்த்தலாம். மனைவி இரண்டு இடம் தள்ளி, பலகைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

எண் கூப்பிட்டார்கள்.

“நீங்க வக்கீலா?” என்றார் நீதிபதி. சளி பிடித்திருந்தது அவருக்கு.

“இல்லைங்க ஐயா. மாஸ்டர்.”

“ஓட்டினது?”

“இவங்க.”

“அப்ப நீங்க எதுக்குப் பேசறீங்க?”

“நான் பேசறேன், அவங்க ஒத்துக்குவாங்க ஐயா.”

நீதிபதி மனைவியைப் பார்த்தார். “பேசட்டுங்க ஐயா,” என்றார் மனைவி. “இங்க பேசலைன்னா வீட்டுல பேசுவார்.”

பலகை மேசை மேல் ஏறியது. மாஸ்டர் கார்களை வைத்தார், மரத்தை வைத்தார், மரத்தடியில் ஒரு சோடா மூடியை வைத்தார்.

“அந்த மூடி என்ன?”

“அது இவங்க ஐயா. ஆள் பொம்மை தொலைஞ்சு போச்சு.”

எதிரே நின்ற பெண் காவலர் சோடா மூடியைப் பார்த்தார். முகம் மாறியது. மாஸ்டர் கவனிக்கவில்லை. முகங்களைக் கவனிக்கிறவர் அல்லவே. குறுக்கு விசாரணைக்கு இறங்கினார்.

“நீங்க லைசென்ஸ் எடுத்து எத்தனை நாள் இருக்கும்?”

“கொஞ்ச வருஷமாச்சு சார்.”

“வண்டி உருள்றதுக்கும் நிக்கறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?”

காவலர் கொஞ்சம் தயங்கினார். “நீங்கதான் மாஸ்டர்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் முதல் முறையாகக் குனிந்து காவலரின் பூட்சைப் பார்த்தார். இடது கால் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுகிற கால். ஞாபகம் வந்துவிட்டது.

“கிளட்சு...” என்றார்.

“இப்ப மெதுவாத்தான் விடறேன் மாஸ்டர். சக்கரம் முழுசா நிக்கலேன்னா நின்னதாவே கணக்கில்லேன்னு நீங்கதான் சொல்வீங்க. அன்னிக்கு முழுசா நிக்கல. அதான் எழுதினேன். எனக்கு மட்டும் உங்களுக்கு எழுதணும்னு ஆசையா?”

“கிளை மறைச்சிருக்கும்மா,” என்றார் மாஸ்டர். குரலில் பழைய வேகம் இல்லை. “நாங்க நின்னோம். ஒரு பெரியவர்கூட ரோட்டைத் தாண்டினார். கைத்தடியோட.”

“மழையில யாருமே இல்ல மாஸ்டர்.”

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஓட்டினவங்களையே கேட்டுடுவோம். அம்மா, இப்படி வாங்க. அன்னிக்கு எப்படிப் போனீங்களோ அப்படியே அந்தக் காரை நகர்த்திக் காட்டுங்க. வாயால எதுவும் சொல்ல வேண்டாம்.”

மனைவி மேசைக்கு வந்தார். ஒரு விரலை மட்டும் காரின் மேல் வைத்தார். அவர் அதைச் சரியாகக் கோட்டில் நிறுத்திவிட்டால் போதும். காவலர் ஒருவர், இவர்கள் இருவர், நடுவில் ஒரு தாழ்ந்த கிளை. ஜெயிக்கவும் கூடும். நீலச் சீருடை அலமாரிக்குப் போகும். கோட்டைத் தாண்டி நகர்த்தினால் என்ன ஆகுமென்று அவருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

கார் கிளம்பியது. நேர்ச்சாலையில் வந்தது. ‘நில்’ பலகையை நெருங்கியது. வேகம் குறைந்தது. வெள்ளைக் கோடு வந்தது.

தொம்.

அறையே திரும்பிப் பார்த்தது. பலகைத் தரையில் நல்ல சத்தம்.

“என்ன சத்தம் அது?” என்றார் நீதிபதி.

எல்லாரும் மாஸ்டரின் வலது காலைப் பார்த்தார்கள். அது முன்னால் நீண்டு, முழங்கால் விறைத்து, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மாஸ்டரும் பார்த்தார். தன் காலை அவ்வளவு அக்கறையாக அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

மனைவியின் விரல் நிற்கவில்லை. கார் மெல்ல, நடந்து போகிறவனின் வேகத்தில், கோட்டைத் தாண்டி உருண்டது.

“அவர் நின்னார் ஐயா,” என்றார் மனைவி. “நான் நிக்கல.”

நீதிபதிக்கு விளங்கவில்லை. மனைவி ஸ்கூல் வண்டியின் இரண்டாவது பிரேக்கைப் பற்றிச் சொன்னார், வீட்டுக் காரின் மிதியடியைப் பற்றிச் சொன்னார், மிதியடியில் விழுந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னார். “அவர் பொய் சொல்லலைங்க. அவரைப் பொறுத்தவரைக்கும் வண்டி நின்னுச்சு. கால்ல அழுத்தினாரே, நிக்காம எப்படி இருக்கும்? எங்க வீட்டுல எல்லா விஷயமும் இப்படித்தான். அவர் அழுத்துவார், நின்னுடுச்சுன்னு நினைச்சுப்பார். நாங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்போம்.”

காவலர் சோடா மூடியை மறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரப்பர் மலிவுன்னு நினைச்சேன்,” என்றார் மாஸ்டர், யாரிடம் என்றில்லாமல்.

“கவுன்டர்ல ஒத்துக்கலைன்னு சொன்னது யாரு?” நீதிபதி கேட்டார்.

“நான்தாங்க ஐயா.”

“ஓட்டினவங்க சொன்னாத்தான் கணக்கு. அவங்க இப்பத்தான் முதல் தடவையாச் சொல்றாங்க, ஒத்துக்கிட்டுச் சொல்றாங்க.” எழுத்தர் பக்கம் திரும்பினார். “வகுப்பு எப்ப இருக்கு? நாளைக்கா? அம்மா, நாளைக்குப் போய் உட்கார்ந்துட்டு வாங்க. பதிவுல ஏத்த வேண்டாம்.” பிறகு மாஸ்டரைப் பார்த்தார். “நீங்களும் போங்க.”

“நானா? நான் ஓட்டவே இல்லையே ஐயா!”

“அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.”

அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலை அடைந்தபோது, அடுத்த ஆசாமி ‘மஞ்சள்லதான் ஐயா போனேன், ஒரு லாரி நேரா வந்துச்சு’ என்று ஆரம்பித்திருந்தார். லாரி நேராக வந்த இடத்தில் நீதிபதியின் மேசைக்கு அடியில் மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது. நீதிபதி குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சளியோடு அசடும் வழிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களுக்கு அபராதச் சீட்டு வந்ததில்லை, வந்தாலும் பேசாமல் கட்டிவிடுகிறவர், கோர்ட்டுப் படி ஏறியதில்லை. நல்லது. ஆனால் உங்கள் மகன் ஓட்டும்போது, மருமகள் ஓட்டும்போது, ஏன், நேற்றுப் பழகிய வாடகைக் கார்க்காரன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது உங்கள் வலது கால் எங்கே இருந்தது? அதோடு போயிற்றா? மகளின் வேலையில், தம்பியின் கல்யாணத்தில், அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் கணக்கில், உங்களுக்குப் பிரேக் பொருத்தாத எத்தனை வண்டிகளில் அழுத்திக்கொண்டு, எல்லாம் உங்களால்தான் நின்றது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போதுகூட, அந்த வெள்ளைக் கோடு வந்த இடத்தில், கட்டை விரலாவது கொஞ்சம் அசைந்திருக்கும். காலுக்குக் கீழே பாருங்கள். தரை தேய்ந்திருந்தால் ரப்பர் மேல் பழி போடாதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. இருவரும் ரிவர்ஸின் கூடத்துக்குப் போனார்கள். மாஸ்டரைப் பார்த்ததும் ரிவர்ஸ் எழுந்து நின்றார். மாஸ்டர் உட்காரச் சொன்னார். ரிவர்ஸ் உட்கார்ந்தால் வகுப்பு எடுக்க முடியாது என்பதால் நின்றுகொண்டே நடத்தினார். பலகையில் நிறுத்தக் கோட்டைக் கொஞ்சம் கோணலாக வரைந்தார். மாஸ்டர் கையைத் தூக்கினார். மனைவி அந்தக் கையை இறக்கிவிட்டார். மதியத்துக்கு மேல் வகுப்பு முடிந்து முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். வரும் வழியில் உதிரிபாகக் கடையில் ஒரு புது மிதியடி வாங்கினார்கள். மாஸ்டர் கெட்டியான ரகமாகக் கேட்டார். மனைவி சாதாரண ரகமே போதும் என்றார். அதைத்தான் வாங்கினார்கள். மழை இல்லை. மனைவி ஓட்டினார். நாற்சந்தியில் மரத்தடியில் அந்தக் காவலர் நின்றிருந்தார். வெள்ளைக் கோடு வந்தது. மனைவி நின்றார். மாஸ்டரும் நின்றார், கொஞ்சம் முன்னதாகவே.